உயிரோடிருந்தவருக்குப் படைத்த சோறு

நண்டுக் கறி ஒரு கிழமை கழித்து எப்படி மணக்கும் என்று அநேகருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் நண்டுக் கறி அவ்வளவு நாள் மிஞ்சாது. நான் ஊர்காவற்றுறையில் கடற்தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். மீன் குடல், கடலட்டை அவிக்கிற புகை, கரை ஒதுங்கிச் செத்த ஆமை எல்லாம் என் மூக்குக்குப் பழக்கம். அந்த மூக்கை ஒரு மாதத்துக்குள் கெடுத்து வைத்தது ஒரு கலைப்படைப்பு. இன்றைக்கும் நண்டுச் சட்டி கொதிக்கிற வீட்டுக்குள் போனால் எனக்கு முதலில் ஓங்காளம் வரும், பிறகுதான் பசி.

போர்நிறுத்தம் வந்த மறுவருடம் அது, இரண்டாயிரத்து மூன்று. கொழும்புப் பாதை திறந்ததும் தீவுப்பகுதிக்கு வராத ஆள் இல்லை. கண்ணாடி ஏற்றிய வெள்ளை வாகனங்களில் வந்து எங்களைப் படம் எடுத்தார்கள், பேட்டி எடுத்தார்கள், கணக்கு எடுத்தார்கள். நான் அப்போது ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு கலை அமைப்பு மெக்சிக்கோவிலிருந்து ஒரு கலைஞரைக் கூட்டி வருகிறது, மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று அதிபரிடம் கேட்டார்கள். ஆங்கிலமும் சித்திரமும் தெரிந்தவள் நான்தான் என்று அவர் என்னை மாட்டிவிட்டார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பூச்சாடியும் தைப்பொங்கல் காட்சியும் கீறிக் கீறிப் படிப்பித்தவளுக்கு உலகம் கண்ட ஒரு கலைஞரோடு திரியக் கிடைத்தால் கசக்குமா?

அவளை ஊரார் வெள்ளைக்காரி என்றார்கள். அவளோ எங்கள் நிறம். என் சின்னம்மாவுக்குச் சட்டை போட்டு, தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டால் அப்படித்தான் இருப்பார். வாகனம் எங்கள் வேதக் கோயிலைக் கடந்தபோது நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துப்போனது. இதை எழுதத் தொடங்கியபோது மரியாதைக்கு "அவர்" என்றுதான் எழுதினேன். ஒரு பக்கம் போனதும் கை மறுத்துவிட்டது.

அவளுடைய தொழில் வாழ்க்கை முழுவதையும் வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதியில், வாகனக் குலுக்கலுக்குள் மடிக்கணினியை மடியில் வைத்துக் காட்டினாள். இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் கடற்படையின் காவலரண். நடுவில் மெக்சிக்கோ. அவளுடைய தகப்பன் கிராமத்தில் பன்றி வெட்டி விற்றவராம். இறைச்சி சுற்றுகிற தாளில்தான் சிறுவயதில் கீறப் பழகினாளாம். வளர்ந்த பிறகு சந்தையில் வியாபாரம் செய்கிற பெண்களை ஆளுயரத் தாளில் பன்றிக் கொழுப்பால் வரைந்திருக்கிறாள். வெயில் ஏற ஏற அந்த முகங்கள் உருகி நிலத்தில் ஓடின. அவளைத் திட்டியவர்களும் கொண்டாடியவர்களும் அன்றைக்கே தொடங்கிவிட்டார்கள். பிறகு ஓவியத்தை விட்டு நிழற்படம், நிழற்படத்தை விட்டு நடனம், பிறகு ஒலி, பிறகு அசையும் படம். ஒரு துறையில் நிற்கிறவள் இல்லை. எதைச் செய்தாலும் அதற்குள் மூன்று விசயம் இருக்கும் என்று விரல் மடித்துச் சொன்னாள். வீட்டில் இல்லாதவர்கள், சாப்பாடு, காலம்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால் அநியாயம். அவளுடைய மாகாணத்தில் ஒரு கிராமத்து ஆண்கள் எல்லாரும் எல்லை கடந்து வடக்கே வேலைக்குப் போய்விட்டார்களாம். வீட்டுக்கு வீடு போய், போனவன் சாப்பிட்ட பீங்கானை வாங்கி, ஒரு கூரை இல்லாத தேவாலயத்துக்குள் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். காற்று வந்தால் பீங்கான்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும். பெண்கள் அதற்குக் கீழே நின்று, இது என்னுடையவனின் சத்தம் என்று ஆளுக்கொன்றைக் காட்டினார்கள். அந்தச் சத்தத்தைத் தாம்போதியில் வைத்துக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. இவள் கெட்டிக்காரி என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். மொக்கு ஒருத்தி செய்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திராது.

அவளுக்கு வேண்டியது ஆளில்லாத ஒரு பெரிய வீடு. புங்குடுதீவில் அதற்கா பஞ்சம்? ஒரு காலத்தில் தென்னிலங்கை முழுக்கக் கடை வைத்திருந்தவர்களின் ஊர். கல்வீடுகள் வரிசையாக நிற்கும், கதவு நிலையும் கூரையும் போய், உள்ளே ஆலமரம் முளைத்து. அங்கே இறுப்பிட்டியில் ஒரு வீடு மட்டும் ஓட்டோடு நின்றது. காரணம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா இருந்தார்.

அக்கா அந்த ஊர்தான். புருசனை ஷெல்லுக்குக் கொடுத்தவர், பிள்ளைகள் இல்லை. இடம்பெயர்ந்து அலைந்து தொண்ணூற்றாறில் ஊருக்குத் திரும்பியபோது அவருடைய சின்ன வீட்டில் சுவர் மட்டும் இருந்தது. கனடாவில் இருந்த வீட்டுக்காரப் பெரியவர், அக்கா எப்போதும் ஐயா என்று சொல்கிறவர், அதைக் கேள்விப்பட்டுத் தன் வீட்டில் இருக்கச் சொன்னார். நான் வரும்வரை இரு, நான் வந்த பிறகும் இரு என்று சொன்னாராம். ஞாயிறுக்கு ஞாயிறு சந்தியில் உள்ள தொலைபேசிக் கடைக்கு ஐயாவின் அழைப்பு வரும். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, மா பூத்ததா, மேசை கிடக்கிறதா என்று கேட்பார். மேசை என்றால் சாப்பாட்டு மேசை. ஐயாவின் தகப்பன் தச்சரை வீட்டுக்குள்ளேயே இருத்திச் செய்வித்த தேக்கு மேசை. வாசலால் வெளியே போகாது. சண்டைக்காலத்தில் கதிரை, அலுமாரி, கட்டில் எல்லாவற்றையும் தூக்கிய கள்ளர்கள் அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு விட்டுப் போனார்கள். அந்த மேசையில் மறுபடி இருந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் ஐயாவின் ஒரே கதை.

மேசையைக் கண்டதும் மெக்சிக்கோக்காரி நெஞ்சில் கை வைத்தாள். இங்கேதான் என்றாள். இந்த வீட்டுக்காரருக்கு என்னென்ன பிடிக்கும், அதையெல்லாம் சமைக்க முடியுமா, படம் எடுக்கப்போகிறேன் என்று கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தப் படம் கனடாவுக்கும் போகுமோ ரீச்சர்? ஐயா பாப்பாரோ?"

"போகலாம் அக்கா. இன்ரநெற்றிலை வருமாம்."

"அப்ப நான் ஐயாவுக்கு இப்ப சொல்லேல்லை. மேசை நிறையச் சாப்பாட்டோடை வீட்டைப் பாத்தால் மனுசன் அடுத்த பிளேனிலை வந்திடும்."

ஐயாவிடம் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டது அந்த ஆசையில்தான். வந்து பார்க்கச் சொல்லி மனிதரைக் கூப்பிடுகிற விருந்து என்று அக்கா நினைத்தார். வேறு எப்படி நினைப்பார்? சமைத்தால் சாப்பிடத்தானே.

விடியற்காலையிலிருந்து குசினியில் நின்றார். சோறு, சுறா வறை, நண்டுக் கறி, கணவாய்ப் பொரியல், முருங்கைக்காய்ப் பால்கறி, ஒடியல் கூழ், புட்டு, பாயாசம். ஐயா தொலைபேசியில் ஏங்கி ஏங்கிச் சொன்ன எல்லாம். மெக்சிக்கோக்காரி கொழும்பிலிருந்து வெள்ளைப் பீங்கான்கள் கொண்டுவந்திருந்தாள். அக்கா அதைத் தொடவே இல்லை.

"ஐயாவுக்குப் பீங்கானிலை போடுறதோ? விசர்க் கதை. நான் இலை வெட்டியாறன்."

தலைவாழை இலை போட்டு, நுனி பார்த்து வைத்து, ஒவ்வொன்றாகப் பரிமாறினார். பக்கத்தில் செம்பில் தண்ணீர். மெக்சிக்கோக்காரி கைதட்டினாள். இன்னும் அழகு என்றாள். அக்கா சேலை மாற்றப் பின்பக்கம் போனார். விருந்துப் படத்தில் தானும் ஒரு ஓரமாக நிற்கலாம் என்று ஒரு எண்ணம்.

அந்த நேரத்தில் அவள் தன் பங்கைச் செய்தாள். சுவரில் சொருகியிருந்த ஐயாவின் படத்தை எடுத்தாள். போன வருடம் ரொறன்ரோவில் எடுத்தது, பனிக்குள் பெரிய கறுப்புக் கோட்டும் குல்லாவும் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதை மேசையின் தலைமாட்டில் இலைக்கு முன்னால் நிறுத்தினாள். சுற்றிவர மஞ்சள் பூக்கள் குவித்தாள். முன்னால் ஒரு விளக்கு ஏற்றினாள். கமராவை முடுக்கினாள். பிறகு, வெளிச்சம் மாறக்கூடாது என்று என்னையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

எங்கள் பக்கம் ஒருவர் செத்தால், அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, இலையில் போட்டு, படத்துக்கு முன்னால் விளக்கு வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போக. அதுதான் படையல். நான் வேதக்காரி, எங்கள் வீட்டில் அது இல்லை. ஆனாலும் தீவில் பிறந்த யாருக்கும் அது கண்ணை மூடிக்கொண்டு தெரியும். இலையும் தண்ணீரும் அக்காவின் கை. படமும் பூவும் விளக்கும் கதவும் மெக்சிக்கோக்காரியின் கை. ஒருத்தி செய்வது மற்றவளுக்குத் தெரியாமல், இரண்டு பேருமாகச் சேர்ந்து, உயிரோடு இருக்கிற மனிதருக்குச் செத்தவீடு செய்து முடித்தார்கள்.

சேலை மாற்றிக்கொண்டு வந்த அக்கா யன்னலால் பார்த்தார்.

"ஐயோ ரீச்சர், இது படையலெல்லோ!"

ஓடிப்போய்க் கதவில் இரண்டு கையாலும் அடித்தார். "ஐயா உயிரோடை இருக்கிறார்! கதவைத் திறவுங்கோ! ஐயா உயிரோடை இருக்கிறார்!" அந்தக் குரல் இப்போதும் என் காதில் கிடக்கிறது. உள்ளே கமராவோடு நின்றவள் உடனே திறக்கவில்லை. வெகு நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கதவை மறுபடி சாத்தினாள்.

நான் ஒளிக்காமல் மொழிபெயர்த்தேன். இது செத்தவருக்குச் செய்வது, இந்த மனிதர் உயிரோடு இருக்கிறார், படத்தையும் விளக்கையும் எடு, கதவைத் திற என்றேன். அவள் கேட்டதும் பூரித்துப்போனாள். தன் ஊரிலும் நவம்பர் மாதம் இதே மாதிரித்தானாம். படம், பூ, விளக்கு, பிடித்த சாப்பாடு. மணத்தைப் பிடித்து அவர்கள் வருவார்களாம். உங்கள் மரணமும் எங்கள் மரணமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லி அக்காவின் கைகளைப் பிடித்து அழுதாள். போனவரும் செத்தவரும் வீட்டுக்கு ஒன்றுதான், மேசை இரண்டு பேருக்கும் காத்திருக்கிறது என்றாள்.

"என்னவாம் ரீச்சர்?" என்று அக்கா கேட்டார்.

"விசர்க்கதை சொல்லுறா அக்கா."

கொழும்பிலிருந்து வந்த ஒழுங்கமைப்பாளர், மெல்லிய தாடியும் கைத்தறிச் சட்டையும் போட்ட ஒரு தமிழர், இடையில் புகுந்தார். "சும்மா ஒரு படம்தானே அக்கா. நாளைக்கு எடுத்துவிடுவம்." சொல்லிக்கொண்டே சாப்பாட்டறைக் கதவுக்குப் புதுப் பூட்டு ஒன்றைப் போட்டார். அப்போதுதான் மிச்சத்தைச் சொன்னார். அந்தச் சாப்பாட்டை யாரும் தொட முடியாது. ஒரு மாதம் அப்படியே கிடக்கும். கமரா அது பழுதாகிறதைப் படம் எடுக்கும். அதுதான் படைப்பு.

அக்கா பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "ஐயாவுக்குத் தெரிய வந்தால் என்னை வெளியிலை விட்டிடுவினம் ரீச்சர். எனக்கு வேறை கூரை இல்லை. அந்தப் படத்தை எண்டாலும் எடுத்துத் தாங்கோ." நான் தினம் தினம் தொலைபேசியில் கேட்டேன். இடையில் படத்தை எடுத்தால் காட்சித் தொடர்ச்சி கெட்டுவிடும் என்று ஒழுங்கமைப்பாளர் பதில் சொன்னார். படத்தை எடுக்கச் சொன்ன என்னைப் பார்த்து, நீங்களும் ஒரு சித்திர ஆசிரியைதானே என்றார்.

கிழமைக்கு ஒருமுறை என்னை அங்கே கூட்டிப் போனார்கள். முதல் கிழமையே வாசல் படலையில் மணம் பிடித்தது. இலை கறுத்துச் சுருண்டிருந்தது. கூழ் பொங்கிப் புளித்து மேசையால் வழிந்து நிலத்தில் ஒட்டிக் கிடந்தது. சுறா வறை அசைந்தது. பார்வைக் கோளாறு என்று நினைத்து ஒரு அடி முன்னால் வைத்தேன். வெள்ளைப் புழு. பாயாசத்துக்கு மேலே பச்சைப் பூஞ்சணம் போர்த்தியிருந்தது. யன்னலில் ஈ அப்பி வெளிச்சம் மங்கிவிட்டது. நண்டு ஓடுகளுக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் வடிந்தது. அதன் மணத்தை எழுத என்னிடம் சொல் இல்லை, இருந்தாலும் எழுத மாட்டேன். முற்றத்து வேம்பைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன். மெக்சிக்கோக்காரி மூக்கில் துணிகூடக் கட்டாமல் உள்ளே நின்றாள். காலம் சாப்பிடத் தொடங்கிவிட்டது என்றாள். காலமாவது மண்ணாவது. தின்றது புழு.

அக்கா குசினிக்குள் பாய் போட்டுப் படுத்தார். கதவிடுக்கில் ஈரச்சாக்கை அடைத்தும் மணம் வந்தது. அடுப்பு மூட்டுவதை விட்டுவிட்டார். பிஸ்கற்றும் வெறும் தேத்தண்ணீரும்தான். கிணற்றுக்குள் ஆரும் விழுந்து செத்துக் கிடக்கிறார்களா என்று அயலார் வந்து கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஐயா மேசையை விசாரித்தபோது, "கிடக்குது ஐயா" என்று மட்டும் சொன்னாராம். வேறு என்ன சொல்ல ஏலும் என்று என்னைக் கேட்டார்.

மாத முடிவில் திறப்பு விழா. யாழ்ப்பாணத்திலிருந்து படித்தவர்கள் வாகனம் பிடித்து வந்தார்கள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையாக உள்ளே போய், தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு விரிவுரையாளர் இது அழுகலின் அழகியல் என்று பேசினார். இன்னொருவர், இந்தத் துர்நாற்றம் எமது வரலாற்றின் துர்நாற்றம் என்றார். பேசிவிட்டு அதே முற்றத்தில் நின்று றோல்ஸ் சாப்பிட்டு, சோடா குடித்தார்கள். அந்த மணத்துக்குள் எப்படி விழுங்கினார்களோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். எனக்கு அந்தப் புழுக்களைவிட இவர்கள் அரியண்டமாக இருந்தார்கள். புழு தனக்குப் பசித்ததைத் தின்கிறது. வரலாறு என்று பேச்சு வைப்பதில்லை. அக்காவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோடா போத்தல்களைப் பொறுக்கியது அவர்தான்.

மெக்சிக்கோக்காரி நண்டு ஓடுகளை உப்புப் போட்டுக் காயவைத்து, பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனாள். போகும்போது அக்காவைக் கட்டிப்பிடித்தாள். அக்கா கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். பிறகு நானும் அக்காவுமாகச் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டு மேசையைத் தேய்த்தோம். ஐயாவின் இலை இருந்த இடத்தில் கறை போகவே இல்லை.

முதல் நாள் எடுத்த படம் ஒன்று பத்திரிகையில் வந்து இணையத்துக்குப் போனது, இணையத்திலிருந்து ரொறன்ரோவுக்குப் போனது. பனிக்கோட்டோடு ஐயா, முன்னால் விளக்கு, சுற்றிவரப் பூ, இலையில் சோறு. கீழே எழுதியிருந்த கட்டுரையை எங்கள் சனம் வாசிக்குமா? படத்தைப் பார்த்தது, விசயம் விளங்கிவிட்டது. இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஐயாவின் மகனுக்குத் துக்கம் விசாரித்து அழைப்பு வந்தது. ஒரு குடும்பம் செத்தவீட்டுக்கு என்று சோறு கறி சமைத்து, அண்டாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிப் போயிருக்கிறது. கதவைத் திறந்தவர் ஐயா.

அடுத்த ஞாயிறு அக்கா என்னை வரச்சொன்னார். தனியே தொலைபேசிக்குப் போகப் பயம். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். மகனின் சத்தம் கருவிக்கு வெளியே கேட்டது.

"உயிரோடை இருக்கிற மனுசனுக்குப் படைச்சனீரோ? ஆரைக் கேட்டு வீட்டைத் திறந்தனீர்? இந்த மாசத்தோடை வெளிக்கிடும்!"

நான் கருவியை வாங்கி நடந்ததைச் சொல்லப் பார்த்தேன். நீர் ஆர் என்று கேட்டார். அதற்குள் பின்னால் ஒரு முதியவரின் குரல் வந்தது, மகனை அதட்டியது. அக்கா கருவியை என்னிடமிருந்து பறித்தார். ஐயா.

"பிள்ளை, என்னென்ன சமைச்சனீ?"

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். சுறா வறை, நண்டு, கணவாய், கூழ். அந்தப் பக்கம் உச்சுக்கொட்டுகிற சத்தம். கூழுக்குள் பயிற்றங்காய் போட்டதா என்றுகூடக் கேட்டார். எனக்கு ஒரு கணம் எல்லாம் சரிவந்துவிடும் போலிருந்தது. பிறகு கேட்டார்.

"ஆர் ஆர் சாப்பிட்டவை?"

அக்கா என்னைப் பார்த்தார். "ஒருத்தரும் சாப்பிடேல்லை ஐயா. பழுதாக விட்டவை."

"ஒரு வாய்கூடவோ?"

"ஓம் ஐயா."

பிறகு மூச்சுமட்டும் கேட்டது. கடைக்காரர் நேரம் முடிந்தது என்று சைகை காட்டும்வரை அக்கா கருவியைக் காதில் வைத்திருந்தார்.

ஐயா இருக்கும்வரை மகனால் அக்காவை அசைக்க முடியவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்திலேயே ஐயா போய்விட்டார். எண்பதைத் தாண்டிய மனிதர், நெஞ்சு வருத்தக்காரர். என்றாலும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னது, படைத்தபடியால்தான் என்று. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு உறவினர் ஆட்களோடு வந்தார். அக்காவின் பாயையும் சட்டிகளையும் முற்றத்தில் வைத்தார்கள். கள்ளரால் கொண்டுபோக ஏலாத மேசையைக் கோடரியால் கொத்தி வெளியே எடுத்து எரித்தார்கள். தேக்கு இலேசில் எரியாது. பின்னேரம்வரை புகைந்தது. அக்கா படலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டைப் பூட்டினார்கள். இரண்டு மழைக்குள் அந்த வீட்டின் ஓடும் போய்விட்டது.

நான் மெக்சிக்கோவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். கோபத்தோடுதான் எழுதினேன். உன் படைப்பினால் ஒரு பெண் வீடில்லாமல் நிற்கிறாள் என்றேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. நீளமான பதில், அழுத பதில். இரவு முழுக்க நித்திரை இல்லையாம். அக்காவுக்காக மெழுகுதிரி கொளுத்தினாளாம். கடைசி வரியில், அந்தப் பூட்டின வீட்டை ஒரு நல்ல படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். கணினிக் கடையிலிருந்து வெளியே வந்து காறித் துப்பினேன். பள்ளிக்கூட ஆசிரியை றோட்டில் துப்புகிறாளே என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவுக்குச் சுருவிலில் தூரத்து உறவு ஒன்று காணித்துண்டில் இடம் கொடுத்தது. ஓலைக் கொட்டில். ஒவ்வொரு வருடமும் ஐயாவின் திவசத்துக்கு அடுத்த நாள் அக்கா மச்சம், மீனும் நண்டும், படைப்பார். உரித்துக்காரர் இல்லை, ஐயர் இல்லை, மேசையும் இல்லை. நிலத்தில் இலை போட்டு, அந்தப் பனிக்கோட்டுப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, பாதிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார். பிறகு திறந்து என்னைச் சாப்பிடச் சொல்வார். வருடத்தில் அந்த ஒரு நாளைக்கு நான் பயந்து பயந்துதான் போவேன். நண்டின் மணம் ஏறியதும் பழையது எல்லாம் தொண்டைக்கு வரும். மூக்கால் மூச்சு விடாமல் விழுங்கப் பழகிக்கொண்டேன்.

கடைசியாகப் போனது இரண்டாயிரத்து ஒன்பது தொடக்கத்தில். வன்னியில் சனம் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நாட்கள். கடலுக்குப் போகவும் கட்டுப்பாடு. அக்கா எங்கே தேடினாரோ, இலையில் ஒரு சின்ன நண்டு இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் என்னிடம் படித்த ஒரு பெண் ஐரோப்பாவிலிருந்து அழைத்திருந்தாள். அங்கே ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் மெக்சிக்கோக்காரியின் இருபது வருட வேலைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். உருகுகிற முகங்கள், பீங்கான்கள், நண்டு ஓடுகள். நடுக் கூடத்துத் திரையில் எங்கள் மேசை. ஒரு மாத அழுகலைச் சில நிமிடங்களுக்குள் ஓடவிட்டிருக்கிறார்களாம். சனம் நீள வாங்குகளில் வரிசையாக இருந்து பார்க்கிறதாம். பின்னணியில் ஒரு பெண்ணின் குரல் திரும்பத் திரும்ப வருகிறதாம். படத்துக்குக் கீழே எழுத்தில் மொழிபெயர்ப்பு இல்லை. அது ஒரு பழைய ஒப்பாரி என்று பக்கத்தில் இருந்தவர் அவளுக்கு விளக்கம் சொன்னாராம்.

இதை அக்காவிடம் சொல்வதா விடுவதா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். இலைக்கு முன்னால் இருந்தபோது சொல்லிவிட்டேன். குரலும் அவருடையது, பறிபோன கூரையும் அவருடையது.

"நான் அதிலை என்ன சொல்லுறன் ரீச்சர்?"

"ஐயா உயிரோடை இருக்கிறார் எண்டு."

அக்கா விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். "அத்தினை சனம் பாக்குது. ஒருத்தருக்கும் விளங்கேல்லையோ?"

"இல்லை அக்கா."

தலையை ஆட்டினார். பிறகு இலையில் இருந்த அந்த ஒரே நண்டை எடுத்து, ஓட்டை உடைத்து, சதையைத் தன் விரலாலேயே வழித்து என் சோற்றுக்கு மேலே வைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அது அழுகையா ஓங்காளமா என்று எனக்கே தெரியவில்லை.

"சாப்பிடுங்கோ ரீச்சர்," என்றார். "ஆறினால் பழுதாப் போயிடும்."

ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.